லென்ஸ் எத்தனை வருஷம் வரும்?

எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிற தம்பியின் மகன் ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். போன வருஷம் உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது உளியின் தலையிலிருந்து கடுகளவு இரும்புச் சில் தெறித்து வலது கண்ணுக்குள் போய்விட்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில்லை எடுத்து, கிழிந்த இடத்தைத் தைத்து, புரையாகி வெளுத்துப்போன லென்ஸையும் எடுத்து, சில மாதம் பொறுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தாயிற்று. பையன் இப்போது அந்தக் கண்ணால் சுவர் அட்டையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வாசிக்கிறான். நல்ல சேதிதான். டீக்கடையில் வைத்து அவனுடைய அப்பா என்னிடம் கேட்டார், "அண்ணே, உங்களுக்கும் கண்ணுக்குள்ள லென்ஸ்தான வச்சிருக்கு, அது எத்தனை வருஷம் வரும்?" நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். "ஆயுசுக்கும் வரும்னு சொல்லிட்டாங்கண்ணே. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டியதில்லை."

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், முதல் பாதியைக் கேட்டதும் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் அன்றைக்கு "ஆமாப்பா, வரும் வரும்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து இது மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது. வயசான காலத்தில் புரை வந்து லென்ஸ் வைத்துக்கொள்கிறவர்களின் கதை வேறு, அடிபட்ட கண்ணில் வைத்துக்கொள்கிறவர்களின் கதை வேறு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் இருக்கும், அதே பச்சைத் துணி, அதே சொட்டு மருந்து, அதே கறுப்புக் கண்ணாடி. தாத்தாவுக்கு வைத்ததையே பேரனுக்கும் வைத்ததாகத்தான் குடும்பம் நினைக்கும். தாத்தாவின் கண்ணில் லென்ஸ் ஒன்றுதான் கெட்டுப்போயிருந்தது. பேரனின் கண்ணில் அடி முழுக் கண்ணிலும் விழுந்திருக்கிறது, லென்ஸ் அதில் ஒரு பகுதி, அதுவும் மாற்றிவிடக்கூடிய பகுதி.

புள் பட்ட கண்

எனக்கு அடிபட்டது 1988இல், சாத்தூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், கிட்டிப்புள் ஆட்டத்தில். யார் அடித்தது என்பதெல்லாம் இப்போது எதற்கு, அவன் இன்றைக்கும் என் சேக்காளிதான். புள் நேராக இடது கண்ணில் வந்து மோதியது. கண் கிழியவில்லை, வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அதனால் ஊரே "நல்லவேளை, கண்ணு தப்பிச்சது" என்றது. ரத்தமெல்லாம் உள்ளே கட்டியிருந்தது. லென்ஸைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கும் நுண்ணிய இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, லென்ஸ் இடம் பெயர்ந்து, கொஞ்ச நாளில் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதை எடுக்கும்போது அதன் பையோடு சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பை முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயசான புரையில் டாக்டர்கள் பையின் முன்பக்கத்தை மட்டும் வட்டமாகத் திறந்து, உள்ளே இருக்கிற புரையை எடுத்துவிட்டு, காலியான அந்தப் பைக்குள்ளேயே புது லென்ஸை வைத்துவிடுகிறார்கள். இயற்கை லென்ஸ் இருந்த அதே இடம், அதே பிடிமானம். அடிபட்ட கண்ணில் பல நேரம் அந்தப் பை இருக்காது. இருந்தாலும் கிழிந்திருக்கும், கிழியாவிட்டாலும் ஒரு பக்கமாகத் தொங்கும்.

ஆகவே பள்ளிக்கூடக் காலம் முழுக்க இடது கண்ணுக்குள் லென்ஸே இல்லாமல் ஓடியது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு கண்ணிலும் லென்ஸ் இல்லாதவர்களுக்கு அது உதவும், ஒரு கண் நன்றாக இருக்கிறவனுக்கு உதவாது. அந்தக் கண்ணாடி வழியே தெரிகிற உருவம் கால்வாசிக்கு மேல் பெரிசாகிவிடும். வலது கண்ணில் ஒரு சைக்கிள், இடது கண்ணில் அதைவிடப் பெரிய இன்னொரு சைக்கிள், இரண்டையும் மூளையால் ஒட்டவைக்க முடியாது. காண்டாக்ட் லென்ஸ் என்றால் அந்த வித்தியாசம் ஏழெட்டு சதவீதமாகக் குறையும், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தால் ஏறக்குறைய இல்லாமல் போகும். எனக்குக் காண்டாக்ட் லென்ஸும் வாங்கித் தந்தார்கள். கரிசல் புழுதியும் கிணற்றுத் தண்ணீரும் உள்ள ஊரில் ஒரு பையன் அதை எவ்வளவு நாள் காப்பாற்ற முடியும்? தொலைந்தது, மறுபடி வாங்கினார்கள், கண் சிவந்தது, விட்டுவிட்டோம். வேலையில்லாத கண் மெல்ல வெளிப்பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர் பட்டோடியைச் சொல்லாமல் போக முடியாது. 1961 ஜூலையில் இங்கிலாந்தில், ஹோவ் என்ற ஊரில் கார் விபத்து, உடைந்த கண்ணாடிச் சில் வலது கண்ணுக்குள் போனது. காண்டாக்ட் லென்ஸ் போட்டால் அந்தக் கண்ணிலும் ஓரளவு தெரிந்தது, ஆனால் ஒரு பந்துக்குப் பதில் இரண்டு பந்து வந்தது. குவளையில் தண்ணீர் ஊற்றப்போனால் மேசையில் ஊற்றியதையும், சிகரெட் பற்றவைக்கப்போனால் தீக்குச்சி நுனி விலகிப்போனதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த நிலையில்தான் ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில் நம்ம மதராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார், இந்தியா அந்தத் தொடரை ஜெயித்தது, மார்ச்சில் 21 வயசில் கேப்டனும் ஆனார். ஜனங்கள் இதை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள், சரி, உறுதிதான். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. கண்ணுக்கு உருவம் கிடைப்பது ஒன்று, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை பார்ப்பது இன்னொன்று. முதலாவது கிடைத்த அன்றைக்கே எல்லாரும் கை தட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

1998இல் எனக்கும் ஒரு வழி பிறந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் குழுமத்தின் ஆரோலேப் லென்ஸ் செய்ய ஆரம்பித்து, நூறு டாலர் அளவுக்கு விற்ற பொருள் பத்து டாலர் கணக்குக்கு இறங்கியிருந்த காலம். கண்ணுக்குள் லென்ஸ் என்பது அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற குடும்பங்களின் பேச்சிலேயே வந்தது. பை இல்லாததால் லென்ஸை வெண்விழியின் சுவரோடு நூலால் கட்டுவோம் என்றார்கள். தொட்டிலை இரண்டு பக்கமும் கயிறு போட்டுத் தொங்கவிடுவது போல, லென்ஸின் இரண்டு கைகளிலும் உள்ள துளைகளில் நூல் கோத்து இரண்டு ஓரத்திலும் முடிச்சு. கட்டு அவிழ்த்தார்கள். முதலில் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது, போகப்போக ஒன்றானது, களைத்துப்போன சாயங்காலங்களில் மட்டும் மறுபடி இரண்டாகும். அட்டையில் ஆறுக்கு ஒன்பது, அதாவது நல்ல கண் ஒன்பது மீட்டரில் வாசிக்கிறதை இந்தக் கண் ஆறு மீட்டரில் வாசிக்கும். கேஸ் ஷீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கையில் கொடுத்தார்கள். அம்மா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிளாஸ்டிக்குக்கு வயசாகாது

செயற்கை லென்ஸே அடிபட்ட கண்ணிலிருந்து பிறந்த பொருள். 1940 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் கார்டன் கிளீவர் என்ற விமானியின் ஹரிக்கேன் விமானத்து மூடி குண்டு பட்டுச் சிதறி, பெர்ஸ்பெக்ஸ் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கின் துணுக்குகள் அவர் கண்களுக்குள் இறங்கின. ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று பிழைத்தது. முகத்திலும் கண்ணிலுமாக 18 ஆபரேஷன். அவரைப் போன்ற விமானிகளைப் பார்த்த லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி, உள்ளே தங்கிவிட்ட பெர்ஸ்பெக்ஸைக் கண் ஒன்றும் செய்யவில்லை, அதுவும் கண்ணை ஒன்றும் செய்யவில்லை என்று கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே பொருளில் செய்த லென்ஸை முதல்முறையாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அன்றைய பெரிய கண் டாக்டர்கள் பலர் இதை விபரீதம் என்றார்கள். அமெரிக்க அரசு அனுமதி கொடுக்க 1981 ஆயிற்று. கிளீவருக்கே பின்னாளில் மிச்சமிருந்த கண்ணில் புரை வந்து, தன் காயம் காட்டிக்கொடுத்த அதே வகை லென்ஸ் வைத்தார்கள்.

எல்லாரும் சொல்கிற கதை இதோடு முடியும். பாதிப் பேர் சொல்லாமல் விடுவது, ரிட்லியின் லென்ஸுகளுக்கு உண்மையில் என்ன சிக்கல் வந்தது என்பதை. பெர்ஸ்பெக்ஸ் கலங்கவில்லை, கரையவில்லை, மஞ்சளாகவில்லை. லென்ஸ் கனமாக இருந்தது, சரியாகப் பிடித்து நிறுத்த அதற்கு ஒரு ஏற்பாடு இல்லை, அதனால் பலருக்கு நழுவிக் கீழே இறங்கியது. பொருள் சரி, நிற்கிற இடம்தான் பிரச்சினை. அதற்கப்புறம் இந்தத் துறை செய்ததில் பெரும்பங்கு, லென்ஸை எதில் மாட்டுவது என்கிற ஒரே கேள்விக்கான பதில்கள்தான். கண்ணின் முன்னறையில் வைத்துப் பார்த்தார்கள், கருவிழித் திரையில் நண்டுப் பிடி மாதிரி கவ்வவைத்தார்கள், பைக்குள் வைத்தார்கள். பை நின்றுவிட்டது, ஏனென்றால் அது கண்ணே கொடுத்த இடம். பை இல்லாதவர்களுக்கு நூல்.

அந்த நூலைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. 10-0 என்று அளவு சொல்லும் பாலிப்ரொப்பிலீன் நூல், தலைமுடியில் பாதி கனம்கூட இருக்காது. தையல் நூல்களிலேயே உடம்பு கரைக்காத நூல் என்று பெயர் வாங்கியது அது. ஆனால் கண்ணுக்குள் பத்து வருஷம், பதினைந்து வருஷம் இருக்கும்போது அதன் மேற்பரப்பு வெடிக்கிறது, மெலிகிறது, ஒரு நாள் அறுகிறது. இது டாக்டர்களுக்கே போகப்போகத்தான் தெரிந்தது. குறிப்பாக இளவயசில் வைத்துக்கொண்டவர்களுக்கு, ஏனென்றால் அறுபத்தைந்து வயசில் கட்டினால் நூல் மனுஷனோடு போய்விடும், இருபத்திரண்டில் கட்டினால் மனுஷன் நூலைத் தாண்டி வாழ்கிறான். அடிபடுகிறவர்கள் யார்? பையன்கள், பட்டறையில் நிற்கிற வாலிபர்கள், கட்டட வேலைக்காரர்கள். இந்த லென்ஸுகளிடம் மற்றவற்றைவிட அதிக வருஷம் கேட்கிறவர்களே அவர்கள்தான்.

அறுந்த அன்றைக்கு

2012, ஆடி மாசம். சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும், அதற்கு முந்தின வாரங்களில் அச்சகத்தில் தூக்கம் என்பது கிடையாது. மெஷினிலிருந்து ஷீட்டை உருவி ரிஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு கலரின் கூட்டல் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், உட்காரவில்லை. மெஷின்காரரைச் சத்தம் போட்டேன். அவர் வந்து லூப், அச்சு பார்க்கிற பூதக்கண்ணாடி, வைத்துப் பார்த்துவிட்டு "கரெக்டா இருக்கே அண்ணாச்சி" என்றார். வலது கண்ணால் பார்த்தேன், கரெக்டாகத்தான் இருந்தது. இடது கண்ணில் கோடெல்லாம் சாய்ந்து, கீழே பிறை மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தது. தலையைக் குனிந்தால் விளிம்பு நகர்ந்தது. அது லென்ஸின் ஓரம். ஒரு பக்கத்து நூல் அறுந்து, மறுபக்கத்தில் மட்டும் லென்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மதுரை. பார்த்தது ஒரு பெண் டாக்டர், என்னைவிட இளையவர். ஸ்லிட் லாம்ப்பில் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "லென்ஸ் நேத்து வச்ச மாதிரி இருக்கு சார், ஒரு கீறல் இல்ல. நூல்தான் போயிருக்கு, மாத்திக் கட்டிரலாம், பயப்படாதீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கண் அழுத்தம் பார்த்தார். வலது 14. இடது 32. மறுபடி பார்த்தார், மறுபடி 32. அதற்குப் பிறகு அவருடைய பேச்சே மாறிவிட்டது. நூலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணை மரத்துப்போக வைத்து, உள்ளே சின்னக் கண்ணாடிகள் பதித்த ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கருவிழிக்கும் அதன் பின்னாலுள்ள திரைக்கும் நடுவில், விளிம்பில், ஒரு மூலை இருக்கிறது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் அந்த மூலை வழியாகத்தான் வடியும். நேராகப் பார்த்தால் அது தெரியாது, இந்தக் கண்ணாடி வைத்தால்தான் தெரியும். "இங்க பாதி வட்டத்துக்கு மேல கிழிஞ்சு பின்னால போயிருக்கு சார். இது இன்னைக்கு நடந்தது இல்ல. புள்ளு பட்ட அன்னைக்கே நடந்தது."

அடி விழும்போது கண்ணுக்குள் இருக்கிற நீர் ஒதுங்க இடமில்லாமல் அந்த மூலையைத்தான் போய் மோதும், அங்கே தசை பிளந்துபோகும். அன்றைக்கு வலிக்காது, பார்வை குறையாது. வடிகட்டியில் மெல்ல வடு ஏறும். அழுத்தம் கூடுவது பத்து வருஷம் கழித்தும் இருக்கலாம், இருபது வருஷம் கழித்தும் இருக்கலாம். கூடினாலும் வலி இல்லை, நரம்பு ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வரும். எனக்குப் பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை செய்தார்கள், இருட்டுக் கிண்ணத்துக்குள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். மூக்குப் பக்கம் மேல் மூலையில் ஒரு பெரிய துண்டு காலி. அது எத்தனை வருஷமாகக் காலி என்று எனக்கு எப்படித் தெரியும், வலது கண் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அட்டையில் ஆறுக்கு ஒன்பது அப்படியே இருந்திருக்கும். அட்டை நட்டநடுப் பார்வையை மட்டும்தான் கேட்கும்.

டாக்டர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் லென்ஸைப் பற்றித்தான், பவர், நிலை, தையல். அந்த மூலையைப் பார்த்ததாக எங்கேயும் ஒரு வரி இல்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "நூல் அறுந்திருக்காட்டி நீங்க எப்ப சார் வந்திருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் இந்தக் கட்டுரை எழுதுவதே அந்த ஒரு கேள்விக்காகத்தான். நானும் வீட்டாரும் பதினான்கு வருஷமும் எதை நினைத்துப் பயந்தோமோ, லென்ஸ் கழன்றுவிடுமோ என்று, அது நடந்தது. நடந்ததில் கண்ணுக்குப் பெரிய சேதம் இல்லை, சரிபண்ணிவிட்டார்கள். பயப்பட வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாத ஒன்று சத்தமில்லாமல் நரம்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. தின்ற நரம்பு திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இன்றைக்கும் காலையும் ராத்திரியும் டைமலால் சொட்டு.

லென்ஸையும் மாற்றினார்கள், இந்த முறை நூலே இல்லை. சென்னை டாக்டர் அமர் அகர்வால் 2007இல் ஆரம்பித்த முறை, லென்ஸின் இரண்டு கைகளையும் வெண்விழியில் வெட்டிய சின்னச் சுரங்கத்துக்குள் செருகி, மேலே ஃபைப்ரின் பசை போட்டு மூடிவிடுவது. அதற்குப் பின் ஜப்பானில் யமானே என்பவர் பசையும் இல்லாமல், கைகளின் நுனியைச் சூடு காட்டி ஆணித்தலை போல உருட்டி மாட்டுகிற வழியைக் கொண்டுவந்தார். இரண்டும் நல்ல முறைகள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நூல் அறுகிற பயம் போயிற்று. ஆனால் முதலாவதே இப்போதுதான் இருபது வயசை எட்டுகிறது. 10-0 நூலும் அதன் பத்தாவது வயசு வரைக்கும் நல்ல பிள்ளைதான்.

எடுத்த பழைய லென்ஸை மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் காட்டினார்கள். சட்டைப் பையில் லூப் இருந்தது, தொழில் புத்தி, வைத்துப் பார்த்தேன். பளிங்கு. ஒரு கைத்துளையில் மட்டும் நூலின் பிசிறு. ஆயுசுக்கும் வரும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

அட்டை கேட்காத கேள்விகள்

ஆறுக்கு ஒன்பது நல்ல பார்வை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணை எடுக்கிறது ஓர் அரையிருட்டு அறையில், எதிரே லாரி வராத இடத்தில். அடிபட்ட கண்ணின் பாப்பா பல நேரம் விரிந்தபடியே நின்றுவிடும், அதைச் சுருக்குகிற தசை கிழிந்திருக்கும். எனக்கு அப்படித்தான். ராத்திரியில் நான்கு வழிச் சாலையில் எதிரே வருகிற ஒவ்வொரு ஹெட்லைட்டும் இடது கண்ணில் சிதறி, தெருவையே மறைக்கும். இருட்டினால் வண்டி எடுக்க மாட்டேன். மகளின் கல்யாணப் போட்டோக்களில் என் இடது கண் மட்டும் பூனைக் கண்ணாக மின்னுகிறது, உள்ளே இருக்கிற லென்ஸ் ஃப்ளாஷைத் திருப்பி அடிப்பதால். செயற்கை லென்ஸ் குவியம் மாற்றாது, எனவே இருபத்திரண்டு வயசிலேயே அந்தக் கண்ணுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்பட்டது. இப்போது சேக்காளிகளுக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது, கொஞ்சம் சமாதானம்.

நிறம் ஒரு தனிக் கதை. இயற்கை லென்ஸ் வயசாக ஆக மஞ்சளடிக்கும், நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டும். என் இடது கண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஒரே புரூஃபை இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்தால், இடதில் சயான் குளிர்ச்சியாக, சுத்தமாக இருக்கும், வலதில் லேசாக டீ ஊற்றினது மாதிரி. எது உண்மையான நிறம் என்று ஒரு காலத்தில் குழம்பியிருக்கிறேன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பது தாண்டினவர்கள், ஆகவே கலர் ஓகே பண்ணுவது வலது கண்தான். முதலாளியிடம் இதைச் சொன்னதில்லை.

ஊனச் சான்றிதழ் கேட்டால் அதுவும் இல்லை. ஒரு கண் முழுசாகப் போனாலும், மற்றது நன்றாக இருந்தால், அரசுக் கணக்கில் 30 சதவீதம். சலுகைகள் 40இல் தொடங்குகின்றன. எனக்கு இதில் பெரிய புகார் இல்லை, ஆனால் ஒரு கண் உள்ளவனின் இழப்பு முழுக்க அந்த ஒரு கண்ணைப் பற்றியது என்று யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றும். மிச்சம் இருக்கிறதே ஒன்று, அதைப் பற்றிய பயத்துக்குச் சதவீதம் கிடையாது.

டாக்டர்களிடம் இருக்கிற கணக்கு ஒன்றைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கண் காயத்துக்கு மதிப்பெண் போட்டு, கடைசியில் பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று கணிக்கிற முறை, அமெரிக்காவிலும் ஹங்கேரியிலும் பதிவான 2,500க்கும் மேற்பட்ட காயங்களை வைத்து 2002இல் வெளியிட்டார்கள். அதில் ஆறு விஷயங்கள் பார்க்கிறார்கள். அடிபட்டதும் எவ்வளவு தெரிந்தது, கண் வெடித்ததா, உள்ளே சீழ் பிடித்ததா, காயம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்ததா, விழித்திரை கழன்றதா, வெளிச்சத்துக்குப் பாப்பா சரியாக அசைகிறதா. லென்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. குடும்பம் கேட்கிற ஒரே கேள்வி லென்ஸைப் பற்றி, கணிப்பு முறை பொருட்படுத்தாத விஷயங்களில் ஒன்று அது. புரை எடுத்து லென்ஸ் வைப்பது செய்து முடிக்கக்கூடிய காரியம் என்பதால் இப்படி இருக்கலாம். விழித்திரையும் நரம்பும் மூலையும் செய்து முடிக்கக்கூடியவை இல்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவை.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கிற வராண்டாவில், "லென்ஸ் நல்லா இருக்கு, தைரியமா போங்க" என்று சொல்வதுதான் மனுஷத்தன்மை. "இருபது வருஷம் கழிச்சு அழுத்தம் வரலாம்" என்று ஒரு பதினாறு வயசுப் பையனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? ஊரிலிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்டுவதற்காக யார் அதை விடுவார்கள்? இதெல்லாம் தெரிந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் செலவு பெரிசில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தம், பாப்பாவை விரித்து விழித்திரை ஓரம், அந்த மூலையை ஒரு தடவையாவது.

கட்டிங் மெஷின் தம்பியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வரச்சொல்லி, பையனையும் உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். அப்பாவுக்கு முகம் சுண்டியது. பையன் தெளிவு. "அப்ப எனக்கும் மூலை கிழிஞ்சிருக்குமா மாமா?" என்றான். உனக்கு அடிபட்ட விதம் வேறு, உளிச்சில் துளைத்துப் போனது, உனக்கு விழித்திரையைத்தான் அதிகம் கவனிக்கணும், ஆனாலும் கேட்டுப் பார் என்றேன். இன்னொன்றையும் சொன்னேன். துளைபட்ட கண்ணால் மிக அபூர்வமாக மற்றக் கண்ணும் சிவந்து மங்கலாம், மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். லூயி பிரெயில் மூன்று வயசில், 1812இல், அப்பாவின் சேணப் பட்டறையில் ஊசி பட்டு ஒரு கண்ணை இழந்து, ஐந்து வயசுக்குள் இரண்டையும் இழந்தது அப்படித்தான் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இப்போது மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்றலாம். நல்ல கண் சிவந்து கூசினால் "மெட்ராஸ் ஐ"யாக இருக்கும் என்று மருந்துக்கடையில் நிற்காதே, பஸ் ஏறு. அப்புறம் பட்டறைக்குள் பாலிகார்பனேட் கண்ணாடி இல்லாமல் கால் வைக்காதே. அவனுடைய அப்பா கடைசியில், "இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கண்ணே, எனக்கு மறந்துரும்" என்றார்.

அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். லென்ஸ் வைத்ததும் கையில் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள், லென்ஸின் பவர், மாடல், வரிசை எண் ஒட்டிய ஸ்டிக்கரோடு. பின்பக்கம் பெரும்பாலும் காலி. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில், கறுப்பு ஒரே கலர், வீணாகிற ஓரத் துண்டிலேயே அடித்துவிடலாம். மேலே, "இது அடிபட்ட கண்" என்று கொட்டை எழுத்தில். கீழே கட்டம் போட்டு, தேதி, கண் அழுத்தம், விழித்திரை, மூலை, லென்ஸின் நிலை. கட்டங்களை முப்பது வருஷத்துக்குப் போட வேண்டும், அதனால் மடிப்பு அட்டைதான் சரிப்படும். அடியில், ஒளிக்கீற்று, கறுப்புப் புள்ளி, திரை விழுவது, நல்ல கண் சிவப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வரவும் என்று இரண்டு வரி. பிழைதிருத்தம் அந்த டாக்டரிடமே கொடுத்து வாங்கினேன். "மூலை" என்பதற்குப் பக்கத்தில் அவர், "முதல் வருஷமே ஒரு முறை கட்டாயம்" என்று பேனாவில் சேர்த்துக் கொடுத்தார். முதல் கட்டு பைண்டிங்கில் இருக்கிறது, பையனுக்குப் போவது அதிலிருந்து ஒன்று.